மோஷ்: சிக்னல் போய்ப் போய் வரும் இடத்திலிருந்து சர்வர் பார்ப்பவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் நல்ல ஃபைபர் லைன், சர்வர் மும்பையில், உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காத வேலை என்றால் உங்களுக்கு மோஷ் தேவையில்லை. தொலைவில் உள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் சாதாரண எஸ்எஸ்ஹெச் போதும்; லைன் அறுந்தாலும் அந்தத் தொடர்பு சாகாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்தான் மோஷ். ரயிலில், பஸ்ஸில், மொபைல் ஹாட்ஸ்பாட்டில், அல்லது மழை வந்தால் லைன் படுத்துவிடும் ஊரிலிருந்து சர்வர் பார்ப்பவர் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

நான் காரைக்குடியில் இருந்துகொண்டு, சென்னையில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஜவுளிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் பில் போடும் மென்பொருள் எங்களுடையது. சர்வர்களில் பெரும்பாலானவை மும்பையில். ஜெர்மனியில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் சிலவும் எங்களிடம் இருப்பதால் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒன்று. சென்னை ஆபீஸுக்குப் போக வேண்டி வந்தால் பல்லவன் எக்ஸ்பிரஸ்தான். கடைக்காரர்களுக்கு நான் வண்டியில் இருக்கிறேனா வீட்டில் இருக்கிறேனா என்பது பற்றிக் கவலை இல்லை. தீபாவளி சீசனில் பில் வரவில்லை என்றால் அந்த நிமிடமே போன் வரும். அரியலூர் தாண்டி விருத்தாசலம் வருவதற்குள் சிக்னல் எத்தனை முறை போகும் வரும் என்பது அந்த வண்டியில் லேப்டாப் திறந்தவர்களுக்குத் தெரியும்.

எஸ்எஸ்ஹெச்சைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடியதைப் பார்த்து தாத்து யுலோனென் எழுதியது. அதற்கு முன் இதே வேலைக்கு இருந்த டெல்நெட்டில் பாஸ்வேர்ட் அப்பட்டமாக வயரில் ஓடிக்கொண்டிருந்தது. டெல்நெட்டுக்குப் போர்ட் எண் (சர்வருக்குள் நுழையும் கதவின் எண் மாதிரி) 23, ஃபைல் அனுப்பும் எஃப்டிபிக்கு 21, நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். இன்று உலகம் முழுவதும் ஓடுவது பெரும்பாலும் ஓபன்பிஎஸ்டி இயங்குதள ஆட்கள் 1999-இல் வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்ஹெச். என் சோறே அதில்தான்.

ஆனால் அது டிசிபி என்ற இணைய விதிமுறையின் மேல் ஓடுகிறது, தொல்லை அங்கேதான். டிசிபி ஒரு பேக்கெட்டை (தரவின் சின்னத் துண்டை) அனுப்பிப் பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பும். அதற்கும் பதில் இல்லை என்றால் இரண்டு மடங்கு நேரம் பொறுக்கும், அடுத்து அதற்கும் இரண்டு மடங்கு. நெட்வொர்க் நெரிசலில் இருக்கும்போது இது நல்ல பழக்கம். சிக்னல் அரை நிமிடம் போய்த் திரும்பி வந்த ரயில் பெட்டியில் இது கொடுமை. போனில் நாலு கோடும் நிமிர்ந்து நிற்கும், வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்து விழும், எஸ்எஸ்ஹெச் விண்டோ மட்டும் அப்படியே உறைந்து கிடக்கும். அதன் அடுத்த முயற்சிக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். இதிலும் மோசம், வைஃபையிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் ஐபி முகவரி மாறிவிடும். டிசிபி இணைப்பு என்பது இரண்டு பக்கத்து முகவரியோடும் போர்ட்டோடும் கட்டப்பட்டது. முகவரி மாறினால் அந்த இணைப்புக்குக் கருமாதிதான். என்டர், டில்டே, புள்ளி என்று மூன்று சாவிகளைத் தட்டி மூடிவிட்டு மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

மோஷ் இந்த இடத்தில்தான் நுழைகிறது. எம்ஐடியில் கீத் வின்ஸ்டீனும் ஹரி பாலகிருஷ்ணனும் உருவாக்கி, 2012-இல் யூஸ்நிக்ஸ் என்ற கணினி ஆய்வு மாநாட்டில் ஆய்வுக் கட்டுரையாக வைத்தார்கள். ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் 1993-இல் பி.டெக் முடித்தவர். அதனால் நம்ம ஊர் லைனை மனதில் வைத்துத்தான் செய்தார் என்று சொல்ல எனக்கு ஆசைதான்; ஆனால் அந்தக் கட்டுரையில் சோதித்தது அமெரிக்காவின் 3ஜி நெட்வொர்க்கை. அங்கே ஒரு எழுத்தைத் தட்டி அது திரையில் வருவதற்கு எஸ்எஸ்ஹெச்சில் எடுத்த இடைநிலை நேரம் 503 மில்லிசெகண்ட். மோஷில் 5-க்கும் குறைவு. இந்த எண்ணைப் பார்த்துதான் நான் இன்ஸ்டால் செய்தேன்.

இன்ஸ்டால் செய்வதில் வித்தை எதுவும் இல்லை. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் மென்பொருள் நிறுவும் ஆப்ட்டிலேயே இருக்கிறது. மேக்கில் ஹோம்ப்ரூவில் இருக்கிறது. உங்கள் கணினியிலும் சர்வரிலும், இரண்டு பக்கமும் போட வேண்டும். சர்வரில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் எதுவும் கிடையாது, ரூட் (நிர்வாகி) அனுமதியும் வேண்டாம். மோஷ் முதலில் வழக்கமான எஸ்எஸ்ஹெச் வழியாகவே உள்ளே போகும். உங்கள் பழைய எஸ்எஸ்ஹெச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதில் அடையாளம் காட்டும் ஃபைல்), பழைய கான்ஃபிக் ஃபைலில் வைத்திருக்கும் செல்லப்பெயர்கள் எல்லாம் அப்படியே வேலை செய்யும். உள்ளே போய் மோஷ் சர்வரைக் கிளப்பும். அது ஒரு யூடிபி (டிசிபி போல இணைப்பைக் கட்டிக் காக்காமல் பேக்கெட்டை மட்டும் அனுப்பும் முறை) போர்ட்டையும் அந்த ஒரு செஷனுக்கு மட்டுமான புது ரகசியச் சாவியையும் கொடுக்கும். அதை வாங்கிக்கொண்டு எஸ்எஸ்ஹெச் இணைப்பை மூடிவிடும். அதற்குப் பிறகு எல்லாமே யூடிபியில், ஏஇஎஸ்-128 குறியாக்கத்தோடு.

இதன் அடிப்படை யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. எஸ்எஸ்ஹெச் சர்வர் கக்கும் ஒவ்வொரு பைட்டையும் வரிசை தவறாமல் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கப் பார்க்கும். மோஷ் அப்படிச் செய்வதில்லை. சர்வர் பக்கத்தில் திரையின் தற்போதைய தோற்றம் என்ன என்பதை வைத்துக்கொண்டு, உங்கள் திரைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். கிரிக்கெட் கமென்டரியை ஒரு பந்து விடாமல் கேட்பதற்கும், டீக்கடையில் எட்டிப் பார்த்து "ஸ்கோர் என்னாச்சு?" என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. இடையில் ஐந்து ஓவர் சிக்னல் இல்லையா, பரவாயில்லை, வந்ததும் ஸ்கோர் தெரிந்துவிடும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் இதன் அருமை தெரியும். ஓடுகிற லாகை (சர்வரின் நடவடிக்கைப் பதிவை)ப் பார்க்க டெயில் கமாண்டைப் போடுவேன். ஏதோ ஒரு கடையின் கணினி பைத்தியம் பிடித்து ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். திரையில் வரிகள் அருவியாகக் கொட்டும். எஸ்எஸ்ஹெச்சில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் சர்வர் நிறுத்திவிடும்தான், ஆனால் ஏற்கெனவே கிளம்பி வழியில் நிற்கும் வரிகளெல்லாம் வந்து தீரும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மெதுவான லைனில் அது நிமிடக்கணக்கில் போகும். மோஷில் வழியில் நிற்பதற்கு ஒன்றும் இல்லை. கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஒரு தடவை போய்வரும் நேரத்தில் நின்றுவிடும். இந்த ஒன்றுக்காகவே நான் மும்பை சர்வர்களிலும் அதைப் போட்டு வைத்திருக்கிறேன், தாமதம் குறைவாக இருந்தும்.

அடுத்தது தட்டச்சு. ஃப்ராங்க்ஃபர்ட் சர்வருக்கு இங்கிருந்து ஒரு பேக்கெட் போய்வர 200 மில்லிசெகண்டை ஒட்டி ஆகும். ஹாட்ஸ்பாட்டில் இன்னும் கூடும். அந்தத் தாமதத்தில் எழுத்து வருவதற்கு முன்பே விரல் அடுத்த எழுத்துக்குப் போய்விடும், பேக்ஸ்பேஸ் எத்தனை தட்டினோம் என்று கணக்குத் தெரியாது, ஃபைல் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக அழிந்திருக்கும். மோஷ் நீங்கள் தட்டிய எழுத்து இந்த இடத்தில்தான் வரும் என்று தானே ஊகித்து உடனே காட்டிவிடும். சர்வர் உறுதி செய்ததும் நிரந்தரமாக்கும். ஊகம் தப்பானால் திருத்திக்கொள்ளும். தாமதம் அதிகமாக இருக்கும்போது, இன்னும் உறுதியாகாத எழுத்துகளுக்கு அடிக்கோடு போட்டுக் காட்டும்.

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், அருப்புக்கோட்டைப் பையன், லீவில் ஊருக்குப் போன இடத்திலிருந்து போன் செய்தான்.

"அக்கா, நான் அடிக்கிற எழுத்துக்கு அடியிலெல்லாம் கோடு வருது. எதையாவது கெடுத்துட்டேனா?"

"இல்லப்பா. உன் லைன் தூங்குது. அது முழிச்சதும் கோடு போயிடும்."

"அப்ப பாஸ்வேர்ட் அடிச்சா அதையும் ஊகிச்சுத் திரையில காட்டிடுமா?"

நல்ல கேள்வி. காட்டாது. என்டர் தட்டியவுடன் மோஷ் ஊகங்களைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும். அந்தப் புதிய இடத்தில் சர்வர் ஒரு எழுத்தையாவது திருப்பிக் காட்டியது என்று உறுதியான பிறகுதான் மற்றவற்றைக் காட்ட ஆரம்பிக்கும். பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் சர்வர் எதையும் திருப்பிக் காட்டாது. அதனால் ஊகமும் வெளியே வராது. அந்த ஆய்வுக் கட்டுரையின்படி, தட்டிய சாவிகளில் 70 சதவீதத்துக்கு உடனடியாகத் திரையில் பலன் காட்ட முடிந்திருக்கிறது. விம் எடிட்டரில் கட்டளை நிலையில் துள்ளித் துள்ளி ஓடினால் ஊகிப்பதற்கு ஒன்றும் இல்லை, அங்கே பழைய தாமதம்தான். கட்டளை கொடுக்கும் ஷெல்லில் வரி வரியாக அடிக்கும்போதுதான் சுகம்.

லேப்டாப்பை மூடி வைப்பது, திறப்பது, வைஃபை மாறுவது: இதில் மோஷ் சொன்னதைச் செய்கிறது. எப்படி என்றால், சர்வர் உங்கள் முகவரியை நம்புவதில்லை, சாவியை நம்புகிறது. சரியாகக் குறியாக்கம் செய்த புதிய பேக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்தாலும், இனிமேல் பதிலை அங்கே அனுப்பு என்று மாற்றிக்கொள்கிறது. ஒன்றும் நடக்காவிட்டாலும் மூன்று நொடிக்கு ஒருமுறை ஒரு சின்ன பேக்கெட் போய்க்கொண்டிருக்கும். தொடர்பு அறுந்தால் திரையின் மேல் ஒரு நீலப் பட்டை வந்து, கடைசியாக சர்வரிடமிருந்து கேட்டு எத்தனை நொடி ஆயிற்று என்று எண்ணிக் காட்டும். அந்தப் பட்டை எனக்குப் பெரிய நிம்மதி. எஸ்எஸ்ஹெச்சில் திரை அசையாவிட்டால் லைன் போயிற்றா, சர்வர் திணறுகிறதா, டேட்டாபேஸ் பூட்டிக்கொண்டதா என்று தெரியாது. இங்கே பட்டை இல்லை என்றால் லைன் நன்றாக இருக்கிறது, தகராறு சர்வரில் என்று அர்த்தம்.

சரி, இனி குறைகள். பெரியது ஒன்று, தினமும் இடிப்பது: மேலே ஸ்க்ரோல் செய்து பழைய வரிகளைப் பார்க்க முடியாது. திரையின் தற்போதைய தோற்றத்தை மட்டும் அனுப்புவதன் விலை இது. நூறு வரி ஓடியிருந்தால் கடைசித் திரை மட்டும்தான் உங்களிடம் இருக்கும். மவுஸ் சக்கரத்தைச் சுற்றினால் முந்தைய வரிகள் வராது. 2012-லிருந்து பயனர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் வசதி இது, இன்னும் இல்லை. இந்த ஒரு காரணத்தால் மோஷை மட்டும் தனியாக யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், டிமக்ஸோடு சேர்த்துத்தான்.

டிமக்ஸ் தெரியாதவர்களுக்கு: சர்வரிலேயே ஓடும் ஒரு டெர்மினல் (கட்டளைத் திரை) மேலாளர். நீங்கள் வெளியே போனாலும் உள்ளே ஓடும் வேலை ஓடிக்கொண்டிருக்கும், திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளலாம். 1987-லிருந்து இருக்கும் ஸ்க்ரீன் என்ற மூத்த கருவி செய்ததையே நிக்கோலஸ் மேரியட் 2007-இல் புதிதாக எழுதினார். ஸ்க்ரோல் செய்யும் வேலையை டிமக்ஸிடம் கொடுத்துவிடலாம். கன்ட்ரோல்-பி அழுத்தி, சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் பழைய வரிகளுக்குள் போகலாம். இயல்பாக 2000 வரிதான் வைத்திருக்கும். அதை நான் 50000 ஆக்கி, மவுஸையும் ஆன் செய்து வைத்திருக்கிறேன்.

ஸ்க்ரோல் செய்ய மட்டும் இல்லை, உயிர்காக்கவும் டிமக்ஸ்தான் வேண்டும். மோஷின் செஷன் சாவி உங்கள் பக்கத்தில் கணினியின் நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. லேப்டாப் தூங்கி எழுந்தால் செஷன் இருக்கும். பேட்டரி தீர்ந்து அணைந்தால் சாவி போச்சு, அந்த செஷனுக்குள் யாராலும் மறுபடி நுழைய முடியாது. உள்ளே டிமக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் புது மோஷ் திறந்து அதில் ஒட்டிக்கொள்ளலாம். பேக்கேஜ் அப்கிரேடோ டேட்டாபேஸ் வேலையோ டிமக்ஸ் இல்லாமல் செய்யக் கூடாது என்பது எங்கள் ஆபீஸில் விதி. உபுண்டு ஆட்களே இதை நம்பித்தான் இருக்கிறார்கள்: எஸ்எஸ்ஹெச் வழியாக முழுப் பதிப்பு அப்கிரேட் ஆரம்பித்தால், அது தானாகவே ஸ்க்ரீனுக்குள் ஓடும், வழி அடைபட்டால் நுழைவதற்கு 1022-ஆம் போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்ஹெச் சர்வரையும் திறந்து வைக்கும்.

இரண்டாவது குறை, போர்ட். மோஷுக்கு யூடிபி 60000 முதல் 61000 வரை திறக்கச் சொல்லி எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். பாதுகாப்பு பார்ப்பவரிடம் ஆயிரம் போர்ட் கேட்டால் முறைப்பார். அவ்வளவும் வேண்டாம். மோஷ் சர்வர் 60001-லிருந்து தொடங்கி காலியாக இருக்கும் முதல் போர்ட்டை எடுத்துக்கொள்ளும், ஆகவே எங்களைப் போல நாலைந்து பேர் நுழையும் சர்வருக்குப் பத்துப் போர்ட் தாராளம். இதை சர்வருக்குள்ளே உள்ள ஃபயர்வாலில் மட்டும் திறந்தால் போதாது, கிளவுட் கம்பெனியின் பக்கத்தில் இருக்கும் ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும். யூடிபி போர்ட்டில் எதுவும் வந்து சேரவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த இரண்டில் ஒன்றை மறந்திருப்பீர்கள். மீதி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் வைஃபையே யூடிபியை அடைத்திருக்கும். கல்லூரி, ஹோட்டல் வைஃபைகள் பலவற்றில் இப்படி. அங்கே மோஷால் ஒன்றும் செய்ய முடியாது. எஸ்எஸ்ஹெச்சுக்கே திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாவது, இடைச் சர்வர். எங்கள் டேட்டாபேஸ் சர்வருக்கு வெளி முகவரி கிடையாது. ஒரு வாசல் சர்வர் வழியாகத்தான் உள்ளே போக முடியும். எஸ்எஸ்ஹெச்சில் இதற்கு 2016-லிருந்து ப்ராக்ஸிஜம்ப் என்ற அருமையான வசதி இருக்கிறது, ஒரே கமாண்டில் தாண்டிக் குதித்துவிடலாம். மோஷின் யூடிபி பேக்கெட் கடைசி சர்வரை நேரே தொட வேண்டும் என்பதால் இது நடக்காது. நான் வாசல் சர்வர் வரை மோஷில் போய், அங்கே டிமக்ஸ் திறந்து, அதற்குள்ளிருந்து எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போகிறேன். வாசலுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே லைன் அறுவதில்லை, ஆகவே ஓடுகிறது. ஆனால் உள்ளே போவதற்கான சாவியை வாசல் சர்வரில் வைக்க வேண்டி வருகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏஜென்ட்டை (சாவியை என் கணினியிலேயே வைத்துக்கொண்டு பயன்படுத்தவிடும் துணை நிரலை) அனுப்பும் வசதி மோஷில் இருந்தால் இது தேவைப்படாது; இல்லை. வேறு மென்பொருளின் இணைப்பை இதன் வழியாகக் கடத்தும் போர்ட் ஃபார்வர்டிங்கும் இல்லை. என் கணினியிலிருந்து டேட்டாபேஸை வரைகலைக் கருவியில் திறந்து பார்க்க வேண்டும் என்றால் பக்கத்தில் ஒரு எஸ்எஸ்ஹெச் டனல் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மொழி அமைப்பும் படுத்தும். எல்லா மொழி எழுத்துகளையும் கையாளும் யூடிஎஃப்-8 முறை இல்லாமல் மோஷ் ஓடவே ஓடாது. லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுத்திருந்தால், நேரம், பணம் போன்றவற்றுக்கு இந்திய ஆங்கில அமைப்பு உட்காரும். லாகின் செய்யும்போது இந்த மாறிகள் சர்வருக்கும் போகும். சர்வரில் அந்த அமைப்பை யாரும் உருவாக்கி வைத்திருக்க மாட்டார்கள். பெர்ல் எச்சரிக்கைகள் பத்து வரி கொட்டும். மோஷ் ஒரேயடியாகக் கிளம்ப மறுக்கும். சர்வரில் லோகேல் (இந்த மொழி, நாட்டு அமைப்பு) கட்டமைக்கும் கமாண்டை ஓட்டி இந்திய ஆங்கிலத்தையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. புது சர்வர் எழுப்பும் ஸ்க்ரிப்டிலேயே அந்த வரியைச் சேர்த்துவிட்டேன்.

தமிழ் எழுத்து? யூடிஎஃப்-8 என்பதால் உடையாமல் வரும். ஆனால் எங்கள் லாகில் 'செட்டிநாடு கண்டாங்கி' என்று பொருள் பெயர் வரும் இடத்தில், சில டெர்மினல்களில் கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கிறது. ஒரு எழுத்து எத்தனை கட்டம் அகலம் என்று உங்கள் டெர்மினல் ஒரு கணக்கு போடுகிறது, மோஷ் ஒரு கணக்கு, டிமக்ஸ் ஒரு கணக்கு. மூன்றும் ஒத்துப்போனால் சரி. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் வரும் இடங்களில் ஒத்துப்போகாது. இதில் மோஷின் தப்பு சிறிதுதான். தமிழை ஒழுங்காகக் காட்டும் டெர்மினல்களே குறைவு. தமிழ் வரிகளைத் திருத்த வேண்டுமானால் ஃபைலை இறக்கி இங்கே திருத்திவிட்டு ஏற்றுகிறேன். ஃபைல் ஏற்ற இறக்க ஆர்சிங்க், பாதியில் நின்றதைத் தொடரும் விருப்பத்தோடு. அது எஸ்எஸ்ஹெச்சின் மேல் ஓடுகிறது, மோஷுக்கு அதில் வேலை இல்லை.

மோஷின் புதுப் பதிப்புகள் வருவது ஆடிக்கு ஒருமுறை அமாவாசைக்கு ஒருமுறை. 1.3.2 பதிப்பு 2017-இல் வந்தது, அடுத்த 1.4.0 பதிப்பு 2022-இல். இந்த 1.4.0-இல்தான் முழு வண்ணங்கள் வந்தன. டெபியன் 12-இல் அது இருக்கிறது, உபுண்டு 22.04-இல் பழையதுதான். நிற அமைப்பு அசிங்கமாகத் தெரிந்தால் காரணம் இது. மாற்றம் குறைவாக இருப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை, ஆனால் ஒரு கண் வைத்திருப்பேன். 2024 மார்ச்சில் ஃபைலைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருள் நூலகத்தில் யாரோ பின்வாசல் வைத்ததைக் கண்டுபிடித்தது எப்படி? எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டிப் பார்த்ததில்தான். ஓரிருவர் தோளில் நிற்கும் கருவிகளில் இந்த அபாயம் உண்டு. பத்துப் போர்ட்டுக்கு மேல் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு வழிகளும் உண்டு. மோஷ் வேண்டாம், எஸ்எஸ்ஹெச் சும்மா இருக்கும்போது அறுந்துபோவதுதான் பிரச்சினை என்பவர்கள், கான்ஃபிக் ஃபைலில் சர்வர்-அலைவ்-இன்டர்வெல் என்ற வரிக்கு 30 என்று கொடுத்துப் பாருங்கள். மொபைல் கம்பெனிகள் பலரையும் ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருப்பதால், கொஞ்ச நேரம் பேச்சில்லை என்றால் உங்கள் இணைப்பை மறந்துவிடும். முப்பது நொடிக்கு ஒரு 'இருக்கியா?' போனால் மறக்காது. பாதிப் பேருக்கு இதுவே போதும். எடர்னல் டெர்மினல் என்று ஒன்று இருக்கிறது. அது டிசிபி 2022 போர்ட்டில் ஓடும், அறுந்தாலும் தானே ஒட்டும், ஸ்க்ரோல் செய்யவும் முடியும். ஆனால் எழுத்தை ஊகித்துக் காட்டாது, சர்வரில் ஒரு சர்வீஸ் எப்போதும் ஓட வேண்டும். வயர்கார்ட் என்ற விபிஎன் (இணையத்துக்குள் ஒரு தனி ரகசிய வழி) போட்டு அதற்குள் எஸ்எஸ்ஹெச் ஓட்டுவது இன்னொரு வழி: உள்முகவரி மாறாததால் வைஃபை மாறினாலும் இணைப்பு சாகாது, இடைச் சர்வர் தொல்லையும் தீரும். நிறுவனம் கொஞ்சம் பெரிது, எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு வேண்டும் என்றால் நான் வயர்கார்டையே சொல்வேன். ஃப்ராங்க்ஃபர்ட் தாமதத்தை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

போனில்: ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் போட்டு அதற்குள் மோஷ் இன்ஸ்டால் செய்தால் நன்றாக ஓடுகிறது. வால்யூம் குறைக்கும் பட்டனே கன்ட்ரோல் சாவி. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது சர்வீஸ் ஒன்றை ரீஸ்டார்ட் செய்ய இது போதும். அதற்கு மேல் அந்தக் குட்டி விசைப்பலகையில் எதையும் முயல மாட்டேன். ஐபோன்காரர்கள் ப்ளிங்க் ஷெல் என்கிறார்கள், நான் தொட்டதில்லை. விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் போட்டு லினக்ஸுக்குள்ளிருந்து ஓட்டலாம். விண்டோஸில் பலர் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளான புட்டியில் மோஷ் கிடையாது.

விலை ஒன்றும் இல்லை, கட்டற்ற மென்பொருள், ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமம்.

ஒரு விஷயம் மட்டும் போட்ட அன்றே செய்துவிடுங்கள். மூடாமல் விட்ட மோஷ் செஷன்கள் சர்வரில் அப்படியே காத்துக்கொண்டிருக்கும், ஆள் வருவார் வருவார் என்று, சர்வர் ரீபூட் ஆகும் வரை. அடுத்த முறை நுழையும்போது, உங்களுக்குத் துண்டிக்கப்பட்ட பழைய செஷன் இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லும். அவ்வளவுதான், தானே மூடாது. வெளியேறும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தி, விட்டு, ஒரு புள்ளி தட்டினாலும் போதும். ஆனால் லைன் அறுந்த நிலையில் அப்படி மூடினால் சர்வர் பக்கம் செய்தி போகாது. சர்வரின் சூழல் மாறிகளில் மோஷ் சர்வரின் நெட்வொர்க் டைம்அவுட் என்று ஒன்று இருக்கிறது, நொடிக்கணக்கில் கொடுக்க வேண்டும். என் கணக்குக்கு 604800 வைத்திருக்கிறேன். ஒரு வாரம் ஆள் வராவிட்டால் தானே மூடிக்கொள்ளும். ஆபீஸ் தம்பிகளின் கணக்குகளுக்கு 86400.